மந்திரவாதியும் மாறுவேட மன்னனும்: கல்கியின் நாவல்களில் இரகசியக் குழுக்கள்

அதிகாரத்தை நாடி மறைவில் இயங்கும் சமயக் குழு என்பது கதைசொல்வோருக்கு எக்காலத்தும் உவப்பான பொருளாக இருந்து வந்திருக்கிறது. பண்டைக் கிரேக்க உலகைக் களமாகக் கொண்ட மேனாட்டுப் புனைகதைகளில் நள்ளிரவுச் சடங்கும், வாய்திறவா விரதமும், முகந்தெரியாத் தலைவனும் அடிக்கடி தலைகாட்டுவதைக் காணலாம். அவற்றுக்கு வரலாற்றில் ஓரளவு ஆதாரமும் உண்டு. கி. மு. ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தென் இத்தாலியிலிருந்த கிரேக்க நகராகிய குரோத்தனில் பைதகரஸ் அமைத்த குழு மௌனத்தை ஒழுக்கமாகக் கொண்டது. நகராட்சியிலே பெருஞ்செல்வாக்கும் பெற்றது. ஈற்றில் அதன் உறுப்பினர் கூடியிருந்த மனைக்கு எதிரிகள் தீமூட்டினர் என்று பிற்காலத்தார் எழுதினர். தமிழில் இத்தகைய பொருளைப் பெருந்தொகையான வாசகர்முன் வைத்தவர் கல்கி ஆவார். 'பார்த்திபன் கனவு' (1941–43) கபாலிகரையும், 'பொன்னியின் செல்வன்' (1950–54) பாண்டியனின் ஆபத்துதவிகளையும் அரசபதவிக்குக் குறிவைக்கும் இரகசியக் குழுக்களாகக் காட்டுகின்றன.

தொடர்கதைக்கு வாரந்தோறும் வேண்டப்படும் விறுவிறுப்பை ஊட்டுவதற்கான உத்தியென்று இக்குழுக்களைக் கண்டு அப்பாற் செல்வதே பொதுவழக்கம். அவ்விளக்கம் பொய்யன்று. எனினும் அது போதாது. மறைந்திருக்கும் உரிமை எவருக்கு உண்டு, எவருக்கு இல்லை என்பது தொடர்பாக இவ்விரு நாவல்களிலும் தெளிவானதொரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது. வாசகர் அதைக் கவனியாமலே ஏற்றுக்கொண்டுவிடுகின்றனர். அத்தீர்ப்பை ஆராய்வதற்குக் கிரேக்க ஒப்புமை பயன்தரும். சங்கச் சான்றோர் செய்யுட்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்புநோக்கிக் கைலாசபதி தம் ஆய்வு நூலை 1968 இல் வெளியிட்ட பின்னர், ஈழத்துத் தமிழ்த் திறனாய்வுக்கு இத்தகைய ஒப்பீடு புதியதொன்றன்று.

'பார்த்திபன் கனவி'ன் கபாலிகரை முதலில் நோக்குதல் தகும். உறையூர்ச் சோழன் பார்த்திபன் பல்லவனுக்குக் கப்பங்கட்ட மறுத்து, சிறுபடையுடன் வெண்ணாற்றங்கரையில் பொருது மடிகிறான். அவன் மகன் விக்கிரமன் நாடுகடத்தப்பட்டு, இரத்தின வியாபாரியாக வேடம்பூண்டு மீளுகிறான். இக்கதையின் ஓரத்திலே, ஒற்றைக் கையனான மகா கபால பைரவன் ஒரு கூட்டத்தைத் திரட்டி வருகிறான். காளிக்கு அரசகுலத்து இரத்தம் வேண்டுமென்பது அவன் வாக்கு. அரசாசை கொண்ட மாரப்ப பூபதி அவன் கையிற் கருவியாகிறான். இறுதியிற் சிறுத்தொண்டர் பலிபீடத்தின்முன் தோன்றி, பைரவன் உண்மையில் வாதாபிப் புலிகேசியின் சகோதரன் நீலகேசியே எனக் கூட்டத்தாருக்கு வெளிப்படுத்துகிறார். தலைவனுடைய வேடம் கலைந்ததும் கூட்டமும் கலைந்துபோகிறது.

ஆகவே, நாவலின் கபாலிகருக்குச் சமயம் என்று ஒன்று உண்மையில் இல்லை. தலைவன் வேடதாரி, தொண்டர் ஏமாளிகள். வரலாற்றுக் கபாலிகர் இத்தகையோராயிருந்தனரா என்று கேட்டால், கல்கியின் கதாநாயகனுடைய தந்தையே வேறுவகையான சாட்சியம் விட்டுச்சென்றிருக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியில் இயற்றிய 'மத்தவிலாசப் பிரகசன'த்தில் வரும் கபாலிகன் சத்தியசோமன், காஞ்சித் தெருக்களில் தன் துணைவியோடு கள்ளுண்டு தள்ளாடித் திரிபவன். அவனது மண்டையோட்டுப் பாத்திரத்தை நாயொன்று கௌவிச் சென்றுவிட, அவன் பௌத்த பிக்கு ஒருவர்மீது பழிசுமத்துகிறான். வழக்கு நீதிமன்றம் செல்லவேண்டுமென்ற பேச்செழும்போது, விகாரைச் செல்வமுடைய பிக்கு அங்குள்ளோரை விலைக்கு வாங்கிவிடுவாரே என்ற அச்சம் கபாலிகன் பக்கத்திலிருந்து வெளிப்படுகிறது. நாடாளும் மன்னன் தன் நீதிமன்றத்தைப் பற்றித் தானே எழுதிய நகை அது! காஞ்சி மன்னன் கண்ட கபாலிகன் நகைப்புக்குரியவன். அரசைக் கவிழ்க்கக் கூடியவனல்லன். பகைவர்களும் பரிகாசக்காரரும் எழுதிவைத்தவற்றிலிருந்தே கபாலிகரைப் பெரும்பாலும் அறியவேண்டியுள்ளது என்பதை டேவிட் லொரன்சன் 1972 இல் வெளியிட்ட நூலிற் சுட்டியுள்ளார். தம் வாயால் தம்மைப் பற்றிச் சொல்லக் கபாலிகருக்கு வாய்ப்பிருக்கவில்லை. கல்கியும் அதை அவர்களுக்கு வழங்கவில்லை.

பலியைக் கண்டிக்கும் பொறுப்பு எவரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. பெரியபுராணத்திற் சிறுத்தொண்டரின் புகழுக்கு அடிப்படையான நிகழ்ச்சி, பைரவ வேடத்தில் வந்த சிவனடியாருக்குத் தம் ஒரே மைந்தனை அரிந்து கறிசமைத்ததாகும். அடியவர் கேட்கும் நரமாமிசத்தை ஈந்தது அங்கே பக்தியின் உச்சம். 'பார்த்திபன் கன'விலோ பைரவர் கேட்கும் பலி மிருகத்தனம். அதைத் தடுப்பவரும் அதே சிறுத்தொண்டர். பெரியபுராணத்தை அறிந்த வாசகர் இந்த இடத்தில் ஒருகணம் திகைக்கவேண்டும். திகைப்பதற்கு நாவலின் வேகம் இடங்கொடுப்பதில்லை. பக்திக்கும் பயங்கரத்துக்கும் இடையிலான எல்லை எவ்வளவு மெல்லியது என்ற வினா எழுந்திருக்கக்கூடிய இடத்தில் வேடக்கலைப்பு நிகழ்ந்து முடிந்துவிடுகிறது.

வேடம் பூண்டவன் பைரவன் மட்டுமல்லன் என்பதே இங்கு முக்கியமானது. போர்க்களத்திற் சாகும் பார்த்திபனுக்கு வாக்களித்த சிவனடியார், விக்கிரமனையும் அவன் தாயையும் ஆண்டுக்கணக்காகக் கண்காணித்து வந்தவர், வேறெவருமல்லர்: பார்த்திபனை வென்ற மாமல்ல நரசிம்மவர்மனே. தோற்றவர்களின் இல்லத்துள் வென்றவன் சடைமுடியும் திருநீறுமாக நுழைகிறான். அவர்களுடைய அந்தரங்கக் கனவுகளைக் கேட்டறிகிறான். முடிவில் உறையூரின் சுதந்திரத்தையும் தன் மகளையும் விக்கிரமனுக்கு ஈகிறான். கதை இதனைப் பேரருள் என்று காட்டுகிறது. நீலகேசி சமயவேடம் பூண்டது வஞ்சகம். நரசிம்மவர்மன் சமயவேடம் பூண்டது பெருந்தன்மை. இருவரிடையே உள்ள வேறுபாடு, ஒருவனிடம் ஏற்கெனவே சிம்மாசனம் இருப்பதேயாகும்.

இயூரிப்பிடிஸ் இறந்தபின் கி. மு. 405 அளவில் ஏதென்சில் அரங்கேறிய 'பக்கேய்' நாடகம் இவ்விடத்தில் நினைவுக்கு வருதல் இயல்பு. தீப்ஸ் நகரத்துப் பெண்கள் தயோனைசஸ் வழிபாட்டில் மூழ்கி மலைக்குச் சென்றுவிட்டனர். இளமன்னன் பென்தியஸ் அதை ஒழுக்கக்கேடென்றும் ஆட்சிக்கு ஆபத்தென்றும் கருதுகிறான், பூசகனைச் சிறையிடுகிறான். பின்பு அவனே பெண்ணுடை தரித்து அச்சடங்கை ஒளிந்திருந்து பார்க்கச் செல்கிறான். அங்கே அவனுடைய தாயே, வெறியேறிய நிலையில், அவனை விலங்கென்று எண்ணிக் கிழித்தெறிகிறாள். மாறுவேடத்தில் வேவுபார்க்கச் சென்ற அரசனுக்கு அந்நாடகம் அளிக்கும் முடிவு இது. தான் பார்க்கப்படாமல் பிறரைப் பார்க்கலாமென்ற அரசனின் நம்பிக்கையையே இயூரிப்பிடிஸ் குற்றமாகக் காண்கிறார். பார்க்கச் சென்றவனுக்குள்ளும் அந்த வெறி ஒளிந்திருந்தது என்பதையும் குறிப்பாக உணர்த்துகிறார். நரசிம்மவர்மனுக்கு இத்தகைய சோதனை எதுவும் நேர்வதில்லை. அவன் வேடம் அவனை மாற்றுவதில்லை. அதற்காக அவன் எதையும் இழப்பதுமில்லை.

கல்கி இவ்வாறு எழுதியதற்குக் காலச்சூழல் ஓரளவு விளக்கந்தரும். 1941 இல் தனிநபர் சத்தியாக்கிரகத்திற் சிறைசென்று மீண்டபின் அவர் தொடங்கிய சஞ்சிகையிலேயே இந்நாவல் தொடராக வெளிவந்தது. அது வெளிவந்துகொண்டிருக்கையில் 1942 ஆகஸ்ட் இயக்கம் வெடித்தது. போராளிகள் பலர் தலைமறைவாயினர். காந்தி இரகசிய நடவடிக்கையை ஒப்பாதவர். 1944 இல் விடுதலையானபின் தலைமறைவாயிருந்தோரை வெளிப்படுமாறு அறிவுறுத்தியவர். காந்தியரான கல்கிக்குப் பார்த்திபனின் வெளிப்படையான மறுப்பும், தோல்வி நிச்சயமென அறிந்தும் களம்புகும் துணிவும் போற்றுதற்குரியவை. மறைவழி கபாலிகனுக்கு உரியது. இவ்வளவும் முரண்பாடின்றிப் பொருந்துகிறது. ஆனால் இரகசியம் பாவமென்றால் மாறுவேட மன்னனும் பாவியாக வேண்டுமே! காந்தியத்தின் அளவுகோலைக் கல்கி ஆளப்படுவோர்மீது மட்டுமே பிரயோகித்தார் என்று கூறுவது கடுமையாகத் தோன்றலாம். நாவலின் அமைப்பு அக்கூற்றையே நிலைநாட்டுகிறது.

'பொன்னியின் செல்வன்' இதனினும் முதிர்ந்த படைப்பு. அதன் முதற் பாகத்திலேயே இரு இரகசியக் கூட்டங்கள் இடம்பெறுகின்றன. ஒன்று கடம்பூர் மாளிகையில் விருந்துக்குப்பின் நடைபெறுவது: பழுவேட்டரையரும் சம்புவரையரும் பிற சிற்றரசரும் கூடி, சுந்தரசோழனின் மைந்தரை விலக்கி மதுராந்தகனை அரியணையேற்றத் திட்டமிடுகின்றனர். மற்றையது திருப்புறம்பயம் பள்ளிப்படைக் காட்டிலே நடைபெறுவது: ரவிதாஸன் முதலியோர், வீரபாண்டியனின் தலையைக் கொய்த ஆதித்த கரிகாலனைப் பழிவாங்கச் சபதம் செய்கின்றனர். முதற்கூட்டத்தை வந்தியத்தேவன் ஒளிந்திருந்து கேட்கிறான். இரண்டாவதை ஆழ்வார்க்கடியான் ஒளிந்திருந்து கேட்கிறான். இரண்டும் அரசுக்கெதிரான சதிகளே. ஆயினும் முதலாவதில் ஈடுபட்டவர் அனைவரும் பெருமக்கள். அவர்களுடைய தவறு அரசியற் கருத்துவேறுபாடாகவே மதிக்கப்படுகிறது. பெரிய பழுவேட்டரையருக்குக் காவியச் சாயலுள்ள மரணமும் கிடைக்கிறது. இரண்டாவதில் ஈடுபட்டோருக்கோ ஆந்தைக்குரல், மந்திரம், மயிர்க்கூச்செறியும் சிரிப்பு.

இரு கூட்டங்களையும் இணைக்கும் பாத்திரமாகிய தேவராளன் ஆழ்ந்து நோக்கற்பாலன். கடம்பூர் விருந்தில் வெறியாடி, அரச இரத்தம் வேண்டுமெனத் தெய்வத்தின் குரலிற் கூறும் அவன், பள்ளிப்படைக் கூட்டத்தைச் சேர்ந்தவன். 'பார்த்திபன் கனவி'ன் பலிக்கோரிக்கை ஈண்டு மீண்டும் ஒலிக்கிறது. அதன் பின்னால் மீண்டும் அரசியற் சூழ்ச்சியே இருக்கிறது. சங்கச் செய்யுட்கள் அறிந்திருந்த வேலன் வெறியாட்டு இங்கே வெறும் நடிப்பாகச் சுருங்கிவிட்டது. மட்டக்களப்புப் பிரதேசத்துக் கோயிற் சடங்குகளில் தெய்வமாடுவோரைக் கண்டு வளர்ந்த வாசகர்க்கு இச்சுருக்கம் எளிதில் உடன்பாடாகாது.

ரவிதாஸன் மந்திரவாதியா? உடையார்குடிக் கல்வெட்டு வேறுவிதமாகப் பேசுகிறது. காட்டுமன்னார்கோயிலிலுள்ள அனந்தீசுவரர் கோயிலில் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சார்ந்து பொறிக்கப்பட்ட அச்சாசனம், பாண்டியன் தலைகொண்ட கரிகாலசோழனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்போரைக் குறிப்பிடுகிறது. ரவிதாசன் பஞ்சவன் பிரமாதிராசன் என்றும், பரமேசுவரன் இருமுடிசோழப் பிரமாதிராசன் என்றும் பட்டம் பெற்றவர்கள். பிரமாதிராசன் என்பது அரசபணியில் உயர்நிலை எய்திய அந்தணர்க்குரிய பட்டம். இருமுடிசோழன் என்பதோ சோழரின் விருதுப் பெயர். எனவே கொலையாளிகள் காட்டிலிருந்து வந்தவரல்லர். அரண்மனையின் உள்வாயிலை அறிந்தவர்கள். சாசனத்தில் மந்திரமுமில்லை, ஆந்தையுமில்லை. குற்றவாளிகளதும் அவர்தம் உறவினரதும் உடைமை பறிமுதலானதும், நிலம் கைமாறியதும் அதன் பொருள். கல்கி இக்கல்வெட்டை நன்கறிந்தவர். பெயர்களை அதிலிருந்தே எடுத்தார். பெயர்களை எடுத்துக்கொண்டு பட்டங்களை நழுவவிட்டமையே விமரிசனத்துக்குரியது. அரசின் உள்ளிருந்து எழுந்த கொலை, அதன் புறத்தேயுள்ள மாந்திரிகக் கும்பலின் தலையிற் சுமத்தப்பட்டது.

இதை ஒத்த மாற்றம் கிரேக்க வழிபாடொன்றின் வரலாற்றிலும் நிகழ்ந்துள்ளது. கி. மு. 186 இல் உரோம மூதவை தயோனைசஸ் வழிபாட்டுக் குழுக்களை ஒடுக்கியது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின் அதை எழுதிய லிவி, இழிகுலத்துக் கிரேக்கன் ஒருவன் கொண்டுவந்த இச்சடங்கில் நஞ்சூட்டலும் கொலையும் பொய்ச் சாசனமும் மலிந்திருந்தன என்றும், ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் சம்பந்தப்பட்டிருந்தனர் என்றும் விரிக்கிறார். 1640 இல் தென் இத்தாலியிலுள்ள திரியோலோவில், மூதவையின் அதே காலத்து ஆணை பொறித்த வெண்கலத் தகடு அகப்பட்டது. அதில் நஞ்சுமில்லை, கொலையுமில்லை. ஆண்கள் பூசகராதலாகாது, பொதுநிதி வைத்தலாகாது, தம்முள் ஆணையிட்டுக் கட்டுப்படலாகாது, ஐவருக்குமேற் கூடலாகாது, கூடவேண்டின் அனுமதி பெறவேண்டும். அரசு அஞ்சியது மக்கள் தம்முள் ஒன்றுசேர்வதையே என்பதைத் தகடு ஒளிக்காமற் சொல்கிறது. கதைதான் நஞ்சைச் சேர்த்தது.

இரகசியக் குழுக்கள் எல்லாமே அரசின் கற்பனை என்பது இதன் பொருளன்று. அம்பாறைக் கரையோரத்தாருக்கு அதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 21 இன் படுகொலைகளை மறைவிலிருந்தே ஒரு குழு திட்டமிட்டது. ஐந்து நாட்களின்பின் சாய்ந்தமருதில் அதனைச் சேர்ந்தோர் தம்மை வெடிக்கவைத்தபோது சிறுவர்களும் மாண்டனர். ஆனால் அதனைத் தொடர்ந்து பரவிய ஐயம் எதை எவ்வாறு வாசித்தது என்பதும் இலக்கிய மாணவர் கவனிக்கவேண்டியதாகும். மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜசீம் 2017 இல் வெளியிட்ட 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதி தீவிரவாதத்தை வளர்ப்பதாகக் கூறப்பட்டு, 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் அவர் கைதானார். 2021 டிசம்பரிற் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கவிதையைச் சதியின் சங்கேதமாகப் படிக்கும் பழக்கம் கதைகளால் மட்டும் உண்டானதென்று கூறுதல் மிகை. அப்பழக்கத்துக்கு ஆந்தைக்குரலும் மந்திரவாதியும் நிறைந்த கதைகள் எவ்விதத்திலும் இடையூறாக இருந்ததில்லை என்று மட்டும் கூறலாம்.

கல்கிக்கு நியாயம் செய்யவேண்டின் நந்தினியைப் பற்றிப் பேசவேண்டும். ரவிதாஸன் கூட்டத்துக்கு மறுக்கப்பட்ட உள்ளம் அவளுக்கு வழங்கப்பட்டிருக்கிறது. புண்பட்டுக் கிடந்த வீரபாண்டியனுக்காக அவள் மன்றாடியதும், அவள் கண்முன்னே அவன் தலை துண்டிக்கப்பட்டதும், அந்நினைவு அவளை விடாது துரத்துவதும் நாவலின் மிகச் சிறந்த பகுதிகள். மன்னனுக்காக உயிர்விடும் மெய்காவலர் பாண்டிநாட்டில் இருந்தமையை மார்க்கோ போலோவும் பதிவுசெய்துள்ளார். மன்னன் உடல் எரியும் தீயில் அவர்கள் தாமும் பாய்வர் என்கிறார். அந்த விசுவாசத்தின் கனம் நந்தினியிடத்திற் காணப்படுகிறது, ரவிதாஸனிடத்திற் காணப்படவில்லை. ஆதித்த கரிகாலன் கடம்பூரில் இறக்கும் காட்சியில், அவனைக் கொன்றவர் எவரென்று கல்கி திட்டமாகக் கூறாமல் விடுகிறார். கல்வெட்டு பெயர் சொல்கிறது. நாவல் சொல்ல மறுக்கிறது. கதைப்பின்னலின் பலவீனமென்று இதைக் குறைகூறுவோர் உளர். உண்மையில் கல்கி தம் மந்திரவாதியைத் தாமே நம்பாத இடம் இதுவாகும். இத்தனை பேருடைய குற்றமும் கரிகாலனின் சொந்தக் குற்றவுணர்வும் திரண்டுவந்த அந்த இருட்டறையில், கொலையை ஒரு கும்பலின் கணக்கில் மட்டும் எழுதிமுடிக்க அவருடைய கலையுள்ளம் இசையவில்லை. ஆயிரக்கணக்கான பக்கங்களில் ரவிதாஸனைப் பற்றிக் கட்டியெழுப்பிய சித்திரத்தை அந்த ஒரு காட்சி அசைத்துவிடுகிறது.

பள்ளிப்படைக் காட்டில் அச்சதிகாரர் ஒரு சிறுவனைப் பாண்டியனாக அமர்த்தி வீரபாண்டியனின் வாளைச் சாட்சியாக்குகின்றனர். வாள் இருக்கிறது, முடி இல்லை. பாண்டியரின் பரம்பரை முடி அப்போது இலங்கையில் இருந்தது. இது கல்கியின் கற்பனையன்று. சோழனுக்குத் தோற்ற இராசசிம்ம பாண்டியன் பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதை இலங்கை மன்னனிடம் வைத்துச் சென்றதையும், பின்னர் சோழர் படையெடுத்தபோது நான்காம் உதயன் அதனுடன் உரோகணத்துக்குத் தப்பியதையும் மகாவமிசத்தின் தொடர்ச்சி கூறுகிறது. கல்கியின் இலங்கைக் காட்சிகள் தம்பள்ளை, அநுராதபுரம், தொண்டைமானாறு என வடக்கிலும் நடுவிலுமே பெரிதும் அமைகின்றன. உரோகணம் பேச்சில் மட்டும் வரும் தொலைநிலம். அந்த உரோகணத்தின் கிழக்கோரமே தீகவாபியை உள்ளடக்கிய பகுதி. 2013 இல் திறந்துவைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம் அதே பகுதியின் கடல்வாயிலில் அமைந்துள்ளது. நாவலில் எந்தச் சதிகாரனும் இந்தக் கரையில் வந்திறங்குவதில்லை. முடியைத் தேடி இந்நாட்டுக்குள் வந்தோர் இரகசியக் குழுவினரல்லர்; பெரும்படையுடன் வெளிப்படையாக வந்தனர். 1017 அளவில் முதலாம் இராசேந்திரனின் படை உரோகணத்துட் புகுந்து ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தது. பாண்டியர் ஒப்படைத்திருந்த முடியையும் இந்திரன் ஆரத்தையும் கைப்பற்றியதை இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி பெருமையுடன் அறிவிக்கிறது. முடி மதுரைக்கு மீளவில்லை. சில ஆண்டுகளுள் மதுரையில் இராசேந்திரனின் மைந்தன் சோழபாண்டியன் என்ற பட்டத்துடன் அமர்ந்து ஆளத் தொடங்கினான்.